குரலும் ட்ராக்கும் ஒரே பெட்டியில்: சிற்றூர் மேடைக்கு எந்த ஸ்பீக்கர்?

பள்ளிப்பட்டில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் மூன்று பேர். ஒருவர் பாட, ஒருவர் கீபோர்டு வாசிக்க, இன்னொருவர் ரிதம் பேட். மற்ற வாத்தியம் எல்லாம் செல்போனில் இருந்த கரோக்கி ட்ராக்கில். நான் பாடகரின் நண்பனாகக் கூடப் போயிருந்தேன். சவுண்டு போட வந்த தம்பி, போனிலிருந்து வந்த ஒயரின் ஒற்றைப் பின்னை மிக்சரில் செருகினார். பாட்டு ஆரம்பித்தது. வயலின்கள் கேட்டன, கோரஸ் கேட்டது, எக்கோ கேட்டது. தபேலாவும் பேஸ் கிட்டாரும் காணோம். எங்கே எடுப்பது என்று தெரியாமல் பாடகர் இரண்டு முறை நின்றார். சவுண்டுக்காரர் பேஸ் திருகை முழுதாகத் திருப்பினார், வால்யூமைக் கூட்டினார், ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி மாட்டினார். அரை மணி நேரம் இப்படியே போயிற்று.

பழுது அந்த ஒற்றைப் பின்னில்தான் இருந்தது. போனிலிருந்து வருவது ஸ்டீரியோ, அதாவது இடம் வலம் என்று இரண்டு ஒலிகள். அந்தப் பின் போய் உட்கார்ந்த இடமோ பேலன்ஸ்டு இன்புட். அந்த உள்ளீடு, தனக்கு வரும் இரண்டு ஒலிகளில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். நீண்ட ஒயரில் ஏறும் இரைச்சலை நீக்கத்தான் அந்த ஏற்பாடு. சினிமாப் பாட்டில் தபேலா, பேஸ், முன்னணிக் குரல் ஆகியவற்றை நடுவில்தான் வைப்பார்கள். நடுவில் இருப்பது இரண்டு பக்கமும் சமம் என்பதால், கழித்தால் மிச்சம் பூஜ்யம். பக்கவாட்டில் பரவியிருக்கும் வயலினும் கோரஸும் மட்டும் தப்பிக்கும். போனிலிருந்து இரண்டு பின்னாகப் பிரியும் ஒயரைக் கொண்டுவந்து, இரண்டு இன்புட்டில் தனித்தனியாகச் செருகியதும் தபேலா திரும்பி வந்தது. முழுப் பாட்டிலிருந்து பாடகர் குரலை நீக்கிக் கரோக்கி ட்ராக் செய்யப் பல வருடம் பயன்பட்டதும் இதே கழித்தல்தான்.

ட்ராக்கோடு பாடுபவர்கள் என்ன ஸ்பீக்கர் வாங்கலாம் என்று என்னிடம் கேட்கும்போதெல்லாம் அந்த மாலைதான் நினைவுக்கு வரும். எல்லோரும் முதலில் கேட்பது “எத்தனை வாட்டு?” என்றுதான். அன்று மேடையில் வாட்டுக்குக் குறைவே இல்லை. பாடகர் பாட முடியாமல்தான் நின்றார்.

இந்த வேலையின் இயல்பை முதலில் பார்க்க வேண்டும். ட்ராக் என்பது ஸ்டுடியோவில் கலந்து, சமன் செய்து, அழுத்தி, முடித்து வந்த ஒலி. மேடைக் குரல் பச்சைக் குரல். ஒரு வரியில் கிசுகிசுக்கும், அடுத்த வரியில் உச்சத்துக்குப் போகும். பதப்பட்ட ஒன்றும் பச்சையான ஒன்றும் ஒரே பெட்டியிலிருந்து ஒன்றாக வெளிவர வேண்டும். பழைய மெல்லிசைக் குழுக்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கிட்டார்காரருக்குத் தனி ஆம்ப்ளிஃபையர், கீபோர்டுக்குத் தனி, டிரம்ஸுக்கு அதன் சொந்தச் சத்தம், பாடகருக்கு மட்டும் மைக் செட் என்று அங்கங்கே பிரிந்திருந்தது. இருபது பேர் நின்ற மேடை இன்று ஒரு செல்போனுக்குள் அடங்கிவிட்டதால், அத்தனை சுமையும் ஒரு ஜோடிப் பெட்டிமேல் ஏறியிருக்கிறது.

இதற்கு முந்தைய கதையும் தெரிந்திருப்பது நல்லது. மைக் வருவதற்கு முன் நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமானால் உச்ச ஸ்ருதியில் பாடியாக வேண்டும். 1933-இல் மறைந்த எஸ்.ஜி.கிட்டப்பா புகழ்பெற்றது அப்படிப்பட்ட குரலால்தான். மைக் வந்த பிறகே தாழ்ந்த ஸ்ருதியில் மென்மையாகப் பாடுவது மேடைக்குரியதாயிற்று. ஜப்பானின் கோபே நகரில் டைசுகே இனோவே 1971-இல் பின்னணி இசை இயந்திரத்தைச் செய்தபோது அடுத்த மாற்றம் வந்தது. கரோக்கி என்ற சொல்லுக்கு ஆளில்லாத ஆர்க்கெஸ்ட்ரா என்று பொருள். அந்த இயந்திரத்துக்கு இனோவே காப்புரிமை கூட வாங்கவில்லை. இன்று ஸ்மூல் போன்ற செயலிகளில் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பாடிப் பழகியவர்கள்தான் நம் ஊர் மேடைகளில் ஏறுகிறார்கள். இயர்போனில் ட்ராக் காதுக்குள்ளேயே ஒலிக்கும், மைக் கூவாது. மேடையில் இரண்டுமே மாறிவிடும்.

பள்ளிப்பட்டுக்கென்று சில நிலைமைகள் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு ஓரம், கொசஸ்தலை ஆற்றங்கரை, ஆந்திர எல்லை. இந்தத் திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததே 1960 ஏப்ரல் 1 அன்றுதான். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ் என்று வளர்ந்தவர்கள் ஏராளம். ஒரே கச்சேரியில் டி.எம்.எஸ். பாட்டும் கண்டசாலா பாட்டும் கேட்பார்கள், எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாட்டை இரண்டு மொழியிலும் கேட்பார்கள். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கமெல்லாம் தறி ஊர்கள். பகலெல்லாம் விசைத்தறிச் சத்தத்தில் இருந்த காது, ராத்திரி பாட்டுக் கேட்க வருகிறது. இந்தக் காதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அது முக்கியம்.

கோயில் திருவிழாவுக்கு நம்மைக் கூப்பிட்டால் அங்கே ஏற்கனவே மைக் செட் இருக்கும். அஹுஜா போன்ற ஆம்ப்ளிஃபையர், 100 வோல்ட் லைன், தெருமுனை வரைக்கும் ஸ்பீக்கர். வெகு தூரத்துக்கு அறிவிப்பு சொல்ல இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. நீண்ட ஒயரில் சக்தி வீணாகாமல் போகத்தான் அந்த 100 வோல்ட். ஆனால் கூம்பு ஸ்பீக்கர் அடி ஒலியையும் தராது, உச்ச ஒலியையும் தராது. பேச்சுக்கு ஏற்றது. ட்ராக்கை அதில் விட்டால் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் இருக்கும். தமிழ்நாட்டில் கூம்பு ஸ்பீக்கருக்குத் தடை இருக்கிறது என்பதும் நினைவிருக்க வேண்டும்.

கிட்டார் ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்கள் அதிலேயே ட்ராக்கையும் மைக்கையும் கொடுத்துவிடலாமே என்று நினைப்பார்கள். வேண்டாம். அதில் இருக்கும் ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை வெட்டிவிடும். கிட்டாரின் கரகரப்பை அடக்கவே அதை அப்படிச் செய்கிறார்கள். ‘ஸ’ போன்ற எழுத்துகளின் சீற்றமும், ஜால்ரா, சலங்கையின் பளபளப்பும் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கின்றன. கீபோர்டுக்கென்று செய்த ஆம்ப்ளிஃபையர் வேறு ரகம். அது முழு வீச்சு உடையது. மைக்குக்கும் ஒரு இன்புட் இருந்தால் சின்ன இடத்துக்கு அது ஒன்றே போதும்.

இப்போது வீட்டுக்கு வீடு இருப்பது டிராலி ஸ்பீக்கர். சக்கரம், பேட்டரி, புளூடூத், இரண்டு கார்டுலெஸ் மைக், கலர் லைட் எல்லாம் ஒரே பெட்டியில். கரண்ட் போனாலும் பாட்டு நிற்காது. எங்கள் பக்கத்தில் அது சாதாரண வசதி அல்ல. பிறந்தநாளுக்கும் மொட்டை மாடிக்கும் அது போதும் என்றே சொல்வேன். மேடைக்குப் போதாது. அதன் சுபாவமே அடியையும் உச்சியையும் தூக்கி, நடுவைக் குழியாக்குவது. கடையில் கேட்கும்போது கம்பீரமாக இருக்கும். ஆனால் ல, ள, ழ என்று காது பிரித்தறிவது பெரும்பாலும் 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையுள்ள நடுப்பகுதியில். அதைக் குழியாக்கிவிட்டால் பாடகர் எவ்வளவு சுத்தமாக ழகரம் உச்சரித்தாலும் கேட்பவருக்குப் போய்ச் சேராது. தமிழ்ப் பாட்டுப் பாடுபவருக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை. ‘டாப்பு, பேஸு’ என்று லாரியில் வந்து இறங்கும் டிஜே செட்டிலும் அனேகமாக இதே குறைதான், அளவு மட்டும் பெரியது.

என் தேர்வு இதுதான். பத்து அல்லது பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரும் மேலே ஹார்னும் உள்ள ஆக்டிவ் பெட்டி இரண்டு, உயரமான ஸ்டாண்டு இரண்டு, சின்ன மிக்சர் ஒன்று, ஒயர் வைத்த டைனமிக் மைக் ஒன்று. ஆக்டிவ் என்றால் ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள்ளேயே இருக்கும். ஸ்பீக்கருக்கு எது பொருத்தமோ அதைத் தயாரித்தவரே வைத்துவிடுவார். நெடுந்தூண் போல நிற்கும் ‘காலம்’ (column) ஸ்பீக்கரும் நல்லதுதான். போஸ் நிறுவனம் 2003-இல் கொண்டுவந்த எல்1 அந்த வகையைப் பிரபலமாக்கியது. பாடகருக்குப் பின்னாலேயே அதை வைக்கலாம், அவருக்கும் சபைக்கும் ஒரே ஒலி கேட்கும், பக்கவாட்டில் சமமாகப் பரவும். விலைதான் கைக்கு எட்டாது. திறந்தவெளியில் பறை, தவில் உள்ள ட்ராக்குக்கு அதன் அடி ஒலியும் சற்று மெலிவு.

வாட் கணக்கை இனிப் பார்க்கலாம். ஸ்பீக்கரின் விவரத்தாளில் சென்சிடிவிட்டி என்று ஒரு எண் இருக்கும். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்றால் எத்தனை டெசிபெல் என்பது அது. 96 டெசிபெல் தரும் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். 100 வாட் கொடுத்தால் 20 கூடி 116 ஆகும். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 குறையும். 16 மீட்டரில் 24 குறைந்து 92. நாம் ஒரு மீட்டர் தள்ளி நின்று பேசுவது சுமார் 60. அந்தப் பெட்டிக்கு 200 வாட் கொடுத்தால் கூடுவது வெறும் 3 டெசிபெல். இரு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் பத்து மடங்கு சக்தி, அதாவது 1000 வாட் வேண்டும். சென்சிடிவிட்டி 88 உள்ள இன்னொரு பெட்டி அதே 100 வாட்டில் 16 மீட்டரில் 84தான் தரும். 92-ஐ எட்ட அதற்கு 600 வாட்டுக்கு மேல் தேவை. தவில் அடி, டிரம்ஸ் அடி எல்லாம் சராசரியைவிடப் பத்து டெசிபெல் எகிறும் என்பதால் கையிருப்பு வேண்டும். பெட்டி இரண்டு என்பதால் அதற்கும் ஒவ்வொன்றிலும் உண்மையான 300, 400 வாட் போதும். ‘உண்மையான’ என்பது ஆர்.எம்.எஸ். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்த பி.எம்.பி.ஓ. எண்ணைப் பார்த்து யாரும் பணம் கொடுக்க வேண்டாம்.

வாட்டுக்குச் செலவழிக்க நினைத்ததில் ஒரு பகுதியை மைக்குக்கும் ஸ்டாண்டுக்கும் கொடுங்கள். ஷூர் நிறுவனம் 1966-இல் வெளியிட்ட எஸ்எம்58 இன்றும் உலகமெங்கும் மேடையில் இருக்கிறது. முன்னால் வருவதை வாங்கிப் பின்னால் வருவதைத் தள்ளும் அமைப்பு அது. இதே அமைப்பில் விலை குறைந்த மைக்குகளும் கிடைக்கின்றன. வாயிலிருந்து இரண்டு சென்டிமீட்டரில் இருக்கும் மைக்கை இருபது சென்டிமீட்டருக்குத் தள்ளினால் குரல் 20 டெசிபெல் இறங்கும். அதை ஈடுகட்ட வால்யூமை ஏற்றுவோம், மைக் கூவும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது இன்னொரு கெட்ட பழக்கம். பார்க்க நன்றாக இருக்கலாம். ஆனால் பின்பக்கத் துளைகள் அடைபட்டு, மைக் எல்லாத் திசையிலிருந்தும் வாங்க ஆரம்பித்துவிடும். ஸ்டாண்டில் ஏற்றும் பெட்டிகள் எப்போதும் பாடகருக்கு முன்னால், தலைக்கு மேலே, சபையைப் பார்த்து நிற்கட்டும். தரையில் வைத்தால் முன்வரிசைக்குக் காது கிழியும், பின்வரிசைக்கு மனித உடம்புகளே உச்ச ஒலியை விழுங்கிவிடும்.

மலிவான கார்டுலெஸ் மைக் வாங்கும்போது ஒன்றைச் சோதியுங்கள். மைக்கை விரலால் தட்டிப் பாருங்கள். தட்டியதும் ஸ்பீக்கரில் கேட்டால் சரி. கொஞ்சம் தாமதித்துக் கேட்டால் உள்ளே இருப்பது பெரும்பாலும் புளூடூத். அதை வைத்துத் தாளத்தோடு பாட முடியாது. ட்ராக்கைப் புளூடூத்தில் அனுப்புவதில் அந்தச் சிக்கல் இல்லை. தாமதித்து வந்தாலும் பாடகர் கேட்பது ஸ்பீக்கரில் வருவதைத்தானே. திரையில் ஓடும் பாடல் வரி மட்டும் முந்திக்கொள்ளும். ஆனாலும் நான் ஒயரையே விரும்புகிறேன், போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு. சரணத்தின் நடுவில் மாமியார் போன் வந்து பாட்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

பாடகருக்குத் தன் குரலும் ட்ராக்கும் கேட்பது பற்றி நம் ஊரில் யாரும் கவலைப்படுவதில்லை. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 17 மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து தாளம் வர ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். தெருமுனையில் 100 மீட்டரில் கட்டிய ஸ்பீக்கர் என்றால் சுமார் 0.3 நொடி. வேகமான குத்துப் பாட்டில் அது கிட்டத்தட்ட ஒரு முழு அடி. பாடகர் பின்தங்குகிறார் என்று சபை நினைக்கும். அவரோ காதில் விழுந்ததைப் பிடித்துச் சரியாகத்தான் பாடிக்கொண்டிருப்பார். காலடியில் மேல்நோக்கிச் சாய்த்து வைத்த ஒரு சின்ன மானிட்டர் இதைத் தீர்க்கும். மைக்கின் வால் பக்கம் மானிட்டரைப் பார்த்தபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாத்தியம் வாசிப்பவருக்குச் சில வார்த்தைகள். கீபோர்டும் ரிதம் பேடும் நேராக மிக்சரின் லைன் இன்புட்டுக்குப் போகலாம். ப்ரீஆம்ப் இல்லாத பிக்அப் வைத்த அக்குஸ்டிக் கிட்டாரை அப்படிக் கொடுத்தால் ஒலி மெலிந்து கீச்சிடும். நடுவில் அதை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டி.ஐ. பாக்ஸ் வேண்டும், அல்லது கிட்டாருக்கென்று தனி இன்புட் உள்ள மிக்சர். புல்லாங்குழலுக்கு மைக்கை ஊதும் காற்றின் நேரே வைக்காமல் சற்று மேலே தள்ளி வையுங்கள்.

ட்ராக்கை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போவது பாதி வெற்றி. பல இடங்களில் எடுத்த ட்ராக்குகள் பல அளவில் இருக்கும். தெலுங்குப் பாட்டு முடிந்து தமிழ்ப் பாட்டு ஆரம்பிக்கும்போது சபை திடுக்கிடக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, உங்கள் கட்டைக்கு ஸ்ருதியை மாற்றி, வரிசைப்படுத்திச் சேமியுங்கள். கணினியே குரலைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் 2019-இல் ஸ்ப்ளீட்டர் வந்த பிறகு எல்லோர் கைக்கும் கிடைத்துவிட்டது. ஆனால் அப்படிப் பிரித்த ட்ராக்கில் அசல் பாடகரின் நிழல் லேசாகத் தங்கும். போனில் கேட்காது, பன்னிரண்டு அங்குலப் பெட்டியில் கேட்கும். பெரிய ஸ்பீக்கரில் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் எதையும் மேடைக்கு எடுத்துப் போகாதீர்கள். இடப்பக்கம் உட்கார்ந்தவருக்கு இடப்பெட்டி மட்டுமே கேட்கும் என்பதால் போனில் மோனோ ஆக்கிவிடுவதும் நல்லது. ஆனால் அதோடு அந்த ஒற்றைப் பின் தவறும் சேர்ந்தால் வயலின்கூடக் கேட்காது, முழு மௌனம்தான்.

தறிக் காதுக்கு வருகிறேன். விசைத்தறிக் கொட்டகையில் சத்தம் 90 டெசிபெலைத் தாண்டும். நம் நாட்டுத் தொழிற்சாலை விதி எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கும் எல்லையே 90. அந்தச் சத்தத்தில் வருடக்கணக்காக இருந்த காது முதலில் இழப்பது 4000 ஹெர்ட்ஸ் சுற்றியுள்ள பகுதியை. அந்தக் காதுடையவர் மிக்சர் முன்னால் உட்கார்ந்தால், தனக்குத் தெளிவாகக் கேட்கும் வரை ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே போவார். முன்வரிசைக் குழந்தைகளுக்கு அது ஊசியாகக் குத்தும். தறி ஓட்டும் பாடகர்கள் பலரை எனக்குத் தெரியும். அருமையான குரல்கள். அவர்கள் வெட்கப்படாமல், பதினாறு வயதுப் பிள்ளை ஒன்றைச் சபை நடுவில் நிற்க வைத்து, அதன் சொல் கேட்டு ட்ரெபிளை வைக்க வேண்டும். தறியில் உட்காரும்போது காதடைப்பான் போடுவதும் இசைப் பயிற்சியில் ஒரு பகுதிதான்.

சட்டம் எளிது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபெல், இரவு 45.

வாங்கப் போகும்போது திருத்தணியில் ரயில் ஏறி சென்னை சென்ட்ரலில் இறங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட் நடக்கும் தூரம்தான். உங்கள் மைக்கையும், நன்றாகத் தெரிந்த இரண்டு ட்ராக்கையும் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் போடும் டெமோ பாட்டில் எந்தப் பெட்டியும் அழகாகத்தான் பாடும். எக்கோவை முழுதாக நிறுத்தச் சொல்லி, ழகரம் நிறைந்த ஒரு பல்லவியைப் பாடுங்கள். நண்பரைப் பத்தடி தள்ளி நிறுத்தி, சொல் புரிகிறதா என்று கேளுங்கள். புரிந்தால் அந்தப் பெட்டியை வாங்கலாம்.

கடைசியாக எர்த். மைக்கில் உதடு பட்டதும் சுர்ரென்று ஷாக் அடித்ததாக மேடைக் கலைஞர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கிட்டாருக்கு ஒரு பிளக் பாயின்ட், மிக்சருக்கு இன்னொன்று என்று கொடுத்து, ஒன்றில் எர்த் இல்லாமல் போனால், இரண்டையும் தொடும் ஆளின் உடம்பு வழியாகக் கரண்ட் பாயும். ஆடி மாதத் திருவிழாவில் மழை நனைத்த பந்தலில் அது உயிரைக் கேட்கும். ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் சிலர் பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்துவிடுகிறார்கள். இரைச்சல் நிற்கும், பாதுகாப்பும் அதோடு போய்விடும். அந்த இரைச்சலை நிறுத்த எல்லாச் சாமானுக்கும் ஒரே எர்த் உள்ள ஒரே பலகையிலிருந்து கரண்ட் எடுத்துப் பாருங்கள்; உயிர்ப் பாதுகாப்புக்கு, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்திய போர்டைக் கேட்டு வாங்குங்கள். சவுண்டு சர்வீஸ் நடத்தும் அண்ணன்மார்களே, அந்த மூன்றாவது பின்னை உடைக்காதீர்கள். பாடகர்களே, மேடை ஏறியதும் மைக்கைத் தொடும் முன் பிளக்கைப் பாருங்கள்.